தனித்து நிற்கும் கட்டடமும் மின்சாரத் துண்டிப்பும்

ஒரு பண்ணை வீட்டையும், அதிலிருந்து நூறு அடி தள்ளி நிற்கும் பட்டறைக் கொட்டகையையும் எண்ணிப் பார்க்கலாம். மின்சாரம் முதலில் வீட்டிற்கு வருகிறது. அங்கிருந்து மண்ணிற்கடியில் புதைத்த கேபிள் வழியே கொட்டகைக்குச் செல்கிறது. ஒரு நாள் கொட்டகையில் மரம் அறுக்கும் இயந்திரத்தில் ஒருவரது சட்டைக் கை சிக்கிக்கொள்கிறது. அல்லது சுவரோரத்தில் கம்பி கருகிப் புகை எழுகிறது. அருகிலிருப்பவர் மின்சாரத்தை நிறுத்த எங்கே ஓட வேண்டும்? வீட்டிற்குத்தான் எனில், வீடு பூட்டியிருந்தால் என் செய்வது? தனித்து நிற்கும் கட்டடம் ஒவ்வொன்றிற்கும் தனியே மின் துண்டிப்பு வேண்டும் என்னும் விதி இவ்வினாவிலிருந்தே பிறந்தது.

இவ்விதியை மிக விரிவாக வகுத்துக் கூறும் நூல்களுள் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் தேசிய மின் விதித்தொகுப்பு ஆகும். முதன்முதலில் 1897-ஆம் ஆண்டு வெளிவந்த இத்தொகுப்பை 1911 முதல் அந்நாட்டுத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் பேணி வருகிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை இது திருத்தப்படுகிறது. இது தானே சட்டமன்று. மாநிலமோ நகரமோ ஏற்றுக்கொண்ட பின்னரே அவ்விடத்தில் சட்டமாகிறது. ஆகவே ஒரே காலத்தில் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு பதிப்புகள் நடைமுறையில் இருப்பதுண்டு.

விதியின் சாரம் எளிது. ஒரு கட்டடத்திற்குள் வரும், அல்லது அதன் ஊடே செல்லும், மின்னழுத்தமுள்ள கம்பிகள் யாவற்றையும் துண்டிக்க அக்கட்டடத்திலேயே வழி இருத்தல் வேண்டும். வீட்டிலுள்ள பலகையில் அக்கம்பிக்கெனச் சர்க்யூட் பிரேக்கர் இருப்பது மட்டும் போதாது. அது கம்பியை மிகை மின்னோட்டத்திலிருந்து காக்குமேயன்றி, கொட்டகையில் நிற்பவரின் கைக்கு எட்டாது.

கட்டடம் என்பது எது? தனித்து நிற்பது கட்டடம் என்பது வெளிப்படை. ஆனால் தீத்தடுப்புச் சுவரால் அடுத்த பகுதியிலிருந்து பிரிக்கப்பட்டதும் தனிக் கட்டடமே. வரிசை வீடுகள் ஒரே கூரைத் தொடராகக் கண்ணுக்குத் தோன்றினும், இடையே அத்தகைய சுவர் இருப்பின் விதியின் கண்ணுக்கு அவை பலவாகும். விளக்குக் கம்பமும் கட்டப்பட்ட ஓர் அமைப்பே ஆதலால், அதற்கும் சுவிட்சு வேண்டுமோ என்னும் ஐயம் எழும். அந்த வீண் வேலையைத் தவிர்க்கவே விளக்கைத் தாங்கும் கம்பங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. பெரிய தொழிற்சாலை வளாகங்களுக்கும் ஒரு விலக்கு உண்டு: ஒரே நிர்வாகத்தின் கீழ், எழுதி வைத்த துண்டிப்பு முறைப்படி, தேர்ந்த பணியாளர் கண்காணிப்பில் இயங்குமாயின் சுவிட்சு வேறிடத்தில் இருக்கலாம்.

சுவிட்சு எங்கே அமைய வேண்டும் என்பதே மிகுந்த வாதத்திற்கு இடமான பகுதி. கட்டடத்தின் வெளியிலோ உள்ளிலோ அமையலாம். உள்ளிலாயின், கம்பி நுழையுமிடத்திற்கு மிக அண்மையில் இருக்க வேண்டும் என்பது விதி. எத்தனை அடி என்று அது கூறவில்லை. பத்தடியா, மூன்றடியா என்பதை அந்தந்த ஊர் ஆய்வாளர் முடிவு செய்கிறார். இதன் காரணத்தை நோக்கினால் விதி தெளிவாகும். சுவிட்சைத் திறந்த பின்னும், நுழைவிடத்திற்கும் சுவிட்சிற்கும் இடைப்பட்ட கம்பியில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். அத்துண்டு நீள நீள, தீயணைப்போரின் கோடரிக்கும் நீருக்கும் எதிர்ப்படும் ஆபத்தும் நீளும். ஆனால் கம்பியைக் குழாயினுள் இட்டு, கட்டடத்திற்கு அடியில் 2 அங்குலக் கான்கிரீட்டிற்குக் குறையாத மூடுதலின் கீழ்க் கொண்டு சென்றால், அது கட்டடத்திற்கு வெளியே இருப்பதாகவே கருதப்படும். தரையைத் துளைத்து மேலெழும் இடமே அப்போது நுழைவிடம். நடுக்கூடத்தில் பலகை வைக்க விரும்புவோர்க்கு இது நேர்மையான வழி.

சுவிட்சை அடைவதற்கு ஏணி வைத்து ஏறவோ, பொருள்களை அகற்றவோ நேரக்கூடாது. கைப்பிடி தரையிலிருந்து 6 அடி 7 அங்குலத்திற்கு மேற்படலாகாது. ஒரே சுவிட்சு இல்லாவிடில் ஆறு வரை இருக்கலாம். அவையும் ஒரே இடத்தில் தொகுத்து வைக்கப்பட வேண்டும். கையை ஆறு முறை அசைத்தால் கட்டடம் முழுதும் இருண்டுவிட வேண்டும் என்பது கருத்து. சிறு கொட்டகைக்கு விதி கடுமை காட்டுவதில்லை. 15 ஆம்பியர் கிளை ஒன்று மட்டுமே செல்லும் வீட்டுக் கொட்டகைக்குச் சாதாரணச் சுவர் சுவிட்சே போதும். இரு கிளைகளாயின் 30 ஆம்பியர் தாங்கும் சுவிட்சும், தனி வீடாயின் 100 ஆம்பியர் தாங்குவதும் வேண்டும்.

இனி நிலத்தொடர்பு. வேலை தெரிந்தவரும் பிழை செய்யும் இடம் இது. கொட்டகையில் ஒரு செம்புக் கோலை மண்ணில் அறைந்து, இயந்திரங்களின் உலோகக் கூட்டை அதனோடு இணைத்துவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். கணக்கு வேறு கூறும். கோலின் மின்தடை 25 ஓம் எனக் கொள்வோம். 120 வோல்ட் கம்பி கூட்டில் பட்டால் மண் வழியே ஓடும் மின்னோட்டம் 120-ஐ 25-ஆல் வகுத்த 4.8 ஆம்பியருக்கு மிகாது. 15 ஆம்பியர் பிரேக்கர் அதைப் பொருட்படுத்தாது. கூடு உயிர்க்கொல்லியாய் நின்றுகொண்டிருக்கும். நம் நாட்டு 230 வோல்ட்டிற்குக் கணக்கிட்டாலும் 9.2 ஆம்பியர்தான். கோல் மின்னலின் வேகத்தைத் தணிக்க உதவும். பிரேக்கரைத் தட்டிவிட உதவாது. அதற்கு வீட்டிலிருந்து தனி நிலத்தொடர்புக் கம்பி கொட்டகை வரை வர வேண்டும்.

முற்காலத்தில் நியூட்ரல் எனப்படும் நடுநிலைக் கம்பியையே நிலத்தொடர்பாகவும் பயன்படுத்தினர். அக்கம்பி வழியில் அறுந்தால், கொட்டகையில் எரியும் அடுப்பின் ஊடாக வந்த மின்சாரம் திரும்பிச் செல்ல வழியின்றி, இயந்திரக் கூடுகள் அனைத்தையும் ஏறத்தாழ முழு அழுத்தத்திற்கு உயர்த்திவிடும். எந்தப் பழுதும் இல்லாத இயந்திரமும் அப்போது கொல்லும். 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் புதிய அமைப்புகளில் இம்முறை விலக்கப்பட்டது. நடுநிலைக் கம்பியும் நிலத்தொடர்பும் கொட்டகையில் ஒன்று சேரலாகாது. பழைய அமைப்புகள் மட்டும் சில நிபந்தனைகளுடன் தொடரலாம்.

இந்தியாவில் 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகள், மின்வழங்கல் தொடங்கும் இடத்தை ஒட்டி, எளிதில் எட்டும்படி இணைப்புச் சுவிட்சு அமைய வேண்டும் என வகுத்தன. அவ்விதிகளின் இடத்தை மத்திய மின்சார ஆணையத்தின் 2010, 2023 ஆண்டு ஒழுங்குமுறைகள் முறையே ஏற்றன. அமெரிக்க முறையில் நடுநிலைக் கம்பியைச் சுவிட்சு துண்டிக்க வேண்டுவதில்லை. இங்கோ அதில் சுவிட்சு வைப்பதாயின், மின்னழுத்தக் கம்பிகளோடு ஒரே வேளையில் துண்டிக்கும் இணைப்புச் சுவிட்சாகவே இருத்தல் வேண்டும். தனிச் சுவிட்சோ பியூஸோ அதில் கூடாது. கிணற்றடி மோட்டார் கொட்டகைக்கு வீட்டிலிருந்து கம்பி இழுக்கும்போது நடுநிலைக் கம்பியில் மட்டும் பியூஸ் வைத்துவிடுவோர் உண்டு. அந்தப் பியூஸ் உருகினால் மோட்டார் நின்றுவிடும். ஆனால் கம்பியில் உயிர் இருக்கும். நின்ற மோட்டாரைப் பழுது பார்க்கத் தொடுபவர் அதை அறியமாட்டார்.

அமெரிக்கத் தொகுப்பு 2020-இல் மேலும் ஓர் அடி சென்றது. ஒரு குடும்பம் அல்லது இரு குடும்பம் வாழும் வீடுகளுக்கு, வெளிப்புறத்தில் எளிதில் எட்டும் இடத்தில், அவசரத் துண்டிப்பு என்னும் எழுத்துக்களுடன் ஒரு சுவிட்சு வேண்டும் என்றது. தீயணைப்போர் எரியும் வீட்டிற்குள் புகுந்து பலகையைத் தேட வேண்டிய நிலையை இது நீக்கிற்று. 2023-ஆம் ஆண்டுப் பதிப்பில், வேறொரு கட்டடத்திலிருந்து மின்சாரம் பெறும் அத்தகைய வீடுகளுக்கும் இவ்விதி விரிவாக்கப்பட்டது.