பெரிய எண்ணெல்லாம் வேகம் ஆகுமா?

எங்கள் எதிர் வீட்டு நண்பர் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவர். அவருடைய பெண் பி.காம். வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். "எல்லாரிடமும் லாப்டாப் இருக்கிறது, அப்பா" என்று அவள் ஒரு நாள் சொல்லி விட்டாள். அன்று முதல் மனிதருக்குத் தூக்கம் இல்லை. புதிது வாங்கக் கையில் பணம் போதாது. பழையதைச் சரி பார்த்து விற்கும் கடையில் ஒன்று வாங்கலாம் என்று தீர்மானித்தார். அதற்கும் பாதிப் பணம் கடன்தான்.

"நீங்களும் கூட வாருங்கள், ஸார்" என்று என்னை அழைத்தார். ஒரு சனிக்கிழமை காலை இருவரும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம்.

கடைக்காரர் இரண்டு லாப்டாப்புகளை எடுத்து வைத்தார். ஒன்றின் மேல் 'ஐ7, 2.7 கிகாஹெர்ட்ஸ்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. மற்றொன்றின் மேல் 'ஐ5, 1.6 கிகாஹெர்ட்ஸ்' என்று இருந்தது. முதலாவதற்கு விலை ஆயிரத்து ஐநூறு ரூபாய் அதிகம்.

நண்பர் யோசிக்கவே இல்லை. "மூன்று வருஷம் வைத்துக் கொள்ள வேண்டிய பொருள். பெரியதாகவே இருக்கட்டும்" என்று சொல்லிப் பையில் கையை விட்டார். நான் அந்தக் கையைப் பிடித்துக் கொண்டேன்.

ஏன் பிடித்தேன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பந்தியைப் பாருங்கள்!

லாப்டாப்பின் மூளைக்குப் பிராஸஸர் என்று பெயர். அது ஒரு தாளத்துக்குத் துடித்துக் கொண்டே வேலை செய்கிறது. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு நூறு கோடி துடிப்பு. 1971-ம் ஆண்டில் இண்டெல் கம்பெனி வெளியிட்ட '4004' என்ற பிராஸஸர் வினாடிக்கு ஏழு லட்சத்து நாற்பதாயிரம் தடவைதான் துடித்தது. அதிலிருந்து எங்கே வந்து விட்டோம், பாருங்கள்!

ஆனால், துடிப்பு மட்டுமே வேகம் ஆகி விடாது.

கல்யாண வீட்டில் பந்தி நடக்கிறது என்று வைத்துக் கொள்வோம். சாம்பார் ஊற்றுகிறவரின் கை எத்தனை விரைவாக ஆடுகிறது என்பதுதான் கிகாஹெர்ட்ஸ். அவர் கையில் இருப்பது சின்னக் கரண்டி என்றால் என்ன பயன்? பெரிய கரண்டிக்காரர் நிதானமாக ஊற்றியே அவரை முந்தி விடுவார். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதே கரண்டியின் அளவு. பரிமாற எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதும் முக்கியம் அல்லவா? அந்த ஆட்களைத்தான் 'கோர்' என்கிறார்கள்.

கையை மட்டும் வேகமாக ஆட்டிப் பார்த்த காலமும் உண்டு. இண்டெல் கம்பெனியின் 'பெண்டியம் 4' பிராஸஸர் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போயிற்று. துடிப்பு கூடக் கூடச் சூடும் மின்சாரச் செலவும் கூடின. 4 கிகாஹெர்ட்ஸில் ஒன்று கொண்டு வரும் திட்டத்தை 2004 அக்டோபரில் அந்தக் கம்பெனி கைவிட்டது. அடுத்த ஆண்டே இரண்டு கோர் வைத்த பிராஸஸரை வெளியிட்டது. கையை விரட்டுவதை விட ஆளைக் கூட்டுவதே மேல் என்று தெரிந்து விட்டது!

கடையில் கண்டது

கடைக்காரரிடம் இரண்டையும் ஓட விடச் சொன்னேன். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, 'பெர்பார்மன்ஸ்' என்ற பகுதியைத் திறந்தால் பிராஸஸரின் முழுப் பெயரும், கோர் எத்தனை என்பதும் தெரிந்து விடும்.

ஐ7 என்றிருந்தது 'ஐ7-7500யு'. 2016-ல் வந்தது, கோர் இரண்டு. ஐ5 என்றிருந்தது 'ஐ5-8250யு'. 2017-ல் வந்தது, கோர் நான்கு! கரண்டியின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், ஒரு பந்திக்கு இரண்டு பேர். மற்றொரு பந்திக்கு நான்கு பேர்.

"கிகாஹெர்ட்ஸ் குறைவாக இருக்கிறதே?" என்று நண்பர் கேட்டார். சீட்டில் இருந்தது அடிப்படை வேகம். அவசரத்துக்கு இரண்டுமே வேகத்தைக் கூட்டிக் கொள்ளும். பழைய ஐ7 3.5 வரை போகும், ஐ5 3.4 வரை போகும். ஆகவே, கடிதம் தட்டச்சு செய்வது போன்ற சின்ன வேலையில் வித்தியாசமே தெரியாது. பல வேலைகளை ஒன்றாகச் செய்யும்போதுதான் ஐ5 முந்தும். அந்த உச்ச வேகமும் நெடுநேரம் நிற்காது. உடல் சூடேறினால் பிராஸஸர் தானே நிதானத்துக்கு வந்து விடும்.

இன்னொரு விஷயம் இதையெல்லாம் விடப் பெரிது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாப்ட் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதி முடிந்து விட்டது. இனி விண்டோஸ் 11 வேண்டும். அதற்குத் தகுதியானவை என்று மைக்ரோஸாப்ட் வெளியிட்ட பட்டியலில் 8250யு இருக்கிறது. 7500யு இல்லை! அதிக விலை கொடுத்து வாங்க இருந்தது அதைத்தான்.

கடைசி எழுத்து

புதிது வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பெயரின் கடைசியில் உள்ள எழுத்தைக் கவனியுங்கள். 'யு' என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் ரகம். 'ஹெச்' என்றால் கடின உழைப்பாளி. 2022-ல் வந்த ஐ7-1255யு 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அதில் பெரிய கோர் இரண்டு, சிறிய கோர் எட்டு. அதே ஆண்டின் ஐ5-12500ஹெச் 4.5 வரைதான், ஆனால் பெரிய கோர் நான்கு, சிறியது எட்டு. வீடியோ தொகுப்பது போன்ற கனமான வேலையில் ஐ5 தான் முந்தும். பாட்டரி நெடுநேரம் நிற்க வேண்டுமென்றால் 'யு' ரகமே நல்லது.

ஏஎம்டி கம்பெனியின் சரக்கிலும் இப்படி உண்டு. 'ரைஸன் 5 7520யு' என்பதில் நான்கு கோர். '5625யு' என்பதில் ஆறு கோர். கரண்டியும் புதியது, பெரியது. உச்ச வேகமோ இரண்டுக்கும் 4.3 தான். பெரிய எண்ணைப் பார்த்து மயங்கலாமா?

பிராஸஸர் மட்டும் நன்றாக இருந்தாலும் போதாது. ராம் 8 ஜி.பி.யாவது இருக்கட்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி இருக்கட்டும்.

நண்பர் ஐ5-ஐயே வாங்கினார். "சீட்டைப் பார்த்துத்தானே எல்லாரும் கேட்கிறார்கள், ஸார்? யாரும் முழுப் பெயரைக் கேட்பதில்லை" என்றார் கடைக்காரர்.

நீங்கள் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. கேட்காததற்குத்தான் காசு!