நிதானமே மருந்தானது

இரத்தக்குழாய்ச் சுவரின் தசை சுருங்கக் கால்சியம் உயிரணுவுக்குள் நுழைய வேண்டும். அந்நுழைவைக் குறைத்தால் குழாய் தளரும். இரத்த அழுத்தமும் நெஞ்சுவலியும் தணியும். ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் ஆல்பிரெக்ட் பிளெக்கன்ஸ்டைன் 1960களில் வெரபமில் மருந்தை ஆராய்ந்து இதனை விளக்கினார். பின்னர் வந்த நிஃபெடிபின் மிக விரைந்து செயல்பட்டது. அழுத்தம் திடீரெனச் சரிய, இதயம் படபடத்தது. நிதானமான மருந்தொன்று தேவைப்பட்டது. இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரில் உருவான அம்லோடிபின், உடலில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஆதலால் நாளுக்கு ஒரு வேளை போதும்.

இதனால் கணுக்கால் வீங்கக்கூடும். தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கூறுங்கள். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியுண்டு. முதியோருக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுப்போர் கவனிக்க: நீடித்துச் செயல்படும் நிஃபெடிபினைப் பொடித்தால், நாள் முழுதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்துவிடும்.