சீட்டா கேம்ப்பில் காட்ட வேண்டிய படம்

ஆனந்த் பட்வர்தனின் ‘ஜங் அவுர் அமன்’ ஆவணப்படத்தைத் தெருவில் திரை கட்டிக் காட்ட மும்பையில் ஓர் இடம் சொல்லுங்கள் என்றால், தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் முன்னால் டிராம்பே சீட்டா கேம்ப்பைத்தான் சொல்வேன்.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்ததும் நாடெங்கும் இனிப்பு வழங்கினார்கள். பட்வர்தனின் கேமரா வேறு பக்கம் திரும்பியது. சோதனைத் திடலை ஒட்டிய கேத்தோலாய் கிராமம், யுரேனியம் தோண்டும் ஜாதுகுடாவின் ஆதிவாசிகள், பாகிஸ்தான், ஹிரோஷிமா என்று அது சுற்றியது. குண்டின் பின்னால் ஓடும் பணத்தையும் படம் விடவில்லை. 2001-ல் டெஹல்கா செய்தியாளர்கள், இல்லாத ஓர் ஆயுதக் கம்பெனியின் பெயரைச் சொல்லிக்கொண்டு டெல்லிக் கதவுகளைத் தட்டினார்கள். கதவுகள் திறந்தன. அன்றைய ஆளும் பா.ஜ.க.வின் தலைவர் பங்காரு லட்சுமண் 1 லட்சம் ரூபாய் வாங்கியது கேமராவில் பதிவாயிற்று. 2012-ல் அவருக்கு 4 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

தணிக்கை வாரியம் வெட்டச் சொன்ன 21 இடங்களில் டெஹல்கா காட்சிகளும் இருந்தன. பட்வர்தன் வழக்குப் போட்டார். 2003-ல் ஒரு வெட்டும் இல்லாமல் படத்துக்குச் சான்றிதழ் தரச் சொன்னது மும்பை உயர் நீதிமன்றம்.

சரி, சீட்டா கேம்ப் எதற்கு? அங்குள்ளவர்களில் ஏராளமானோர் ஜனதா காலனியிலிருந்து விரட்டப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும். அந்தக் காலனி, டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி இருந்தது. சுமார் 70,000 பேர், அவர்களில் தமிழர்கள் கணிசம். மையத்துக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம், மக்களைத் திரட்டிப் பல ஆண்டுகள் வெளியேற்றத்தைத் தடுத்து நிறுத்தினார். அவசரநிலை வந்தது. 1976 மே மாதம் வீடுகள் இடிக்கப்பட்டன, சனங்களை இன்றைய சீட்டா கேம்ப் இருக்கும் சேற்று நிலத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். இந்தியாவின் முதல் அணுகுண்டு வெடித்து அப்போது இரண்டு வருடம். அதற்கான புளூட்டோனியம் இதே டிராம்பேயின் சைரஸ் உலையிலிருந்து போனது.

சோதனைத் திடலை ஒட்டி வாழும் கேத்தோலாய்க்காரர்கள் படத்தில் பேசுவதைக் கேட்டால், அணு மையத்தை ஒட்டி வாழ்ந்த சீட்டா கேம்ப்பின் பெரியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஆனால் பொக்ரான் நமக்குப் பெருமையும்தான். அதை முன்னின்று நடத்திய அப்துல் கலாமும் ஆர். சிதம்பரமும் நம்மவர்கள். அந்தப் பெருமையைக் கேலி செய்யாமல், அதையும் சேர்த்தே பேச வேண்டும். கூடவே பணத்தையும் பேச வேண்டும்: 2025-26-ல் பாதுகாப்புக்கு ஒன்றிய அரசு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். இதில் எவ்வளவு எல்லையைக் காக்கிறது, எவ்வளவு ஆயுத வியாபாரியைக் காக்கிறது என்று வரி கட்டுகிறவர் கேட்பது தேசத்துரோகம் ஆகாது.

மக்கள் வாழும் இடத்துக்கே போய்ப் படம் காட்டுவது மும்பைக்குப் புதிதல்ல. ‘ஜெய் பீம் காம்ரேட்’ படத்தை 2012 ஜனவரியில் பைகுல்லா பி.ஐ.டி. சால் குடியிருப்பில் பட்வர்தன் திரையிட்டார். சீட்டா கேம்ப்பில் கூடுதலாக ஒன்று வேண்டும்: இந்தியும் ஆங்கிலமும் பிடிபடாத பாட்டிகளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர். படம் முடிந்ததும் மைக்கை முதலில் கொடுக்க வேண்டியதும் அவர்களிடம்தான். ஜனதா காலனி இடிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.