ஒரு பாட்டுக்கு விக்கிப்பீடியா பக்கம் எப்போ கிடைக்கும்?

போன வாரம் ஒரு ஃப்ரெண்ட் கால் பண்ணான். பகல்ல டெஸ்டிங் வேலை, ராத்திரி பெட்ரூம்ல பாட்டு ரெக்கார்டிங். அவனோட புதுப் பாட்டு யூடியூப்ல லட்சம் வியூஸ் தாண்டிடுச்சு. "மச்சி, இங்கிலீஷ் விக்கிப்பீடியால இதுக்கு ஒரு பேஜ் போட்டுக் குடுடா"ன்னு கேட்டான். அந்தப் பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் முடியாதுன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. ஏன்னு இன்னிக்குப் பார்ப்போம்.

விக்கிப்பீடியா "பாட்டு நல்லா இருக்கா?"ன்னு கேட்கிறதில்லை. "எத்தனை பேர் பார்த்தாங்க?"ன்னும் கேட்கிறதில்லை. முக்கியமான கேள்வி இதுதான்: பாட்டோட சம்பந்தமே இல்லாத சிலர், இந்தப் பாட்டைப் பத்தியே விரிவா எழுதியிருக்காங்களா? இதுக்குப் பேர் நோட்டபிலிட்டி. தமிழ்ல குறிப்பிடத்தக்கமை.

பாடகரோட இன்ஸ்டா போஸ்ட், லேபிள் அனுப்புற பிரஸ் ரிலீஸ் எல்லாம் கணக்குல வராது. "இன்று வெளியானது"ன்னு ரெண்டு வரிச் செய்தியும் பத்தாது. ஆல்பம் விமர்சனத்துல நடுவுல ஒரு பாரா வந்தா? அது ஆல்பத்தோட கணக்கு, பாட்டோடது இல்லை. சார்ட்ல இடம், அவார்டு, மத்தவங்க பாடின கவர் வெர்ஷன், இதெல்லாம் "தேடிப் பாரு, யாராவது எழுதியிருப்பாங்க"ன்னு சொல்ற சிக்னல் மட்டும்தான்.

ஏன் இவ்ளோ கறார்? விக்கிப்பீடியால நம்ம சொந்தக் கருத்தை எழுத முடியாது. மத்தவங்க எழுதினதைத்தான் தொகுக்க முடியும். யாருமே எழுதலைன்னா பாடகர் பேர், ரிலீஸ் தேதி, எத்தனை நிமிஷம், அவ்ளோதான். ரெண்டாவது பாராவுக்கு மேட்டர் இருக்காது.

'எஞ்சாய் எஞ்சாமி'யை எடுத்துக்கோங்க. 2021 மார்ச்ல வந்துச்சு. படப் பாட்டு கிடையாது, தனி சிங்கிள். அறிவோட பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச கதை, நிலமில்லாத உழைப்பாளிகளோட வரலாறு, அப்புறம் தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன்ல யாருக்கு எவ்ளோ கிரெடிட்னு கிளம்பின விவாதம், இதையெல்லாம் பத்திரிகைகள் எழுதித் தள்ளினாங்க. அங்க பத்துப் பாராவுக்கு மேட்டர் இருக்கு.

மேட்டர் இல்லாத பாட்டை என்ன பண்ணுவாங்க? பெரும்பாலும் ஆல்பம் பக்கத்துக்கோ பாடகர் பக்கத்துக்கோ ரீடைரக்ட். நம்ம கோட் மாதிரிதான், ஹிஸ்டரி பத்திரமா இருக்கும். நாளைக்கு யாராவது நல்லா எழுதினா திரும்ப எடுத்துக்கலாம். சண்டை வந்து டெலிட் பண்ணலாமான்னு விவாதம் போனா, வழக்கமா ஏழு நாள் ஓடும். அது ஓட்டெடுப்பு இல்லை. நூறு ரசிகர்களைக் கூட்டிட்டு வந்தாலும், நல்ல ரெண்டு மூணு கட்டுரையைக் காட்டுறவர் பேச்சுதான் எடுபடும். அந்தக் கட்டுரை இங்கிலீஷ்ல இருக்கணும்னோ, ஆன்லைன்ல இருக்கணும்னோ அவசியம் இல்லை. பழைய தமிழ் வாரப் பத்திரிகை விமர்சனமும் செல்லும்.

இதுல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சினிமாவுக்கு வெளிய வர்ற தமிழ்ப் பாட்டுகளை உட்கார்ந்து கேட்டு எழுதுறவங்க கம்மி. பேப்பர்ல இல்லாதது விக்கிப்பீடியாலயும் இல்லாமப் போயிடுது.

ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன்: "நான் உன் ஆளு, நான் எழுதக் கூடாதுடா. யாராவது உன் பாட்டைப் பத்தி எழுதட்டும், அப்புறம் பக்கம் தானா வரும்." கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சரி, அடுத்த பாட்டு அனுப்புறேன், கேளு"ன்னான்.

உங்களுக்குப் பிடிச்ச, யாரும் எழுதாத ஒரு பாட்டு இருக்கா? அதைப் பத்தி நீங்களே எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!