ஒயின் வாங்கும்போது விலையை எவ்வளவு நம்பலாம்?

ஒயின் கடைக்கு முதன்முறை வருபவருக்குப் பாட்டிலின் மேல் இருக்கும் எழுத்தில் பாதி விளங்காது. ஊர்ப் பெயர் புதிது, திராட்சையின் பெயர் புதிது, அறுவடை ஆண்டை வைத்து என்ன முடிவுக்கு வருவதென்றும் தெரியாது. உடனே புரிவது விலை ஒன்றுதான். கையிலிருக்கும் பணத்துக்குள் எது விலை கூடியதோ அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். இந்தப் பழக்கம் பணத்தையும் வீணாக்குகிறது, ருசியையும் கெடுக்கிறது. அடிமட்ட விலையைத் தாண்டிய பிறகு, விலை பெரும்பாலும் நிலத்தின் மதிப்பையும் பெயரின் புகழையும்தான் காட்டுகிறது. புதிதாகக் குடிப்பவருக்கு ஒயின் பிடிப்பதும் பிடிக்காததும் எந்த வட்டாரத்தின் ஒயினைத் தேர்ந்தெடுத்தார், எவ்வளவு குளிர்ச்சியில் ஊற்றினார் என்பதைப் பொறுத்தே அதிகம் அமைகிறது.

விலையே தரம் என்ற எண்ணத்துக்கு அரசு முத்திரை கிடைத்த ஆண்டு 1855. அந்த ஆண்டு பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, போர்தோ வட்டாரத்தின் ஒயின்களைத் தரவாரியாகப் பிரிக்கும் வேலை உள்ளூர்த் தரகர்களிடம் வந்தது. பல ஆண்டுகளாக எந்தத் தோட்டத்து ஒயின் என்ன விலைக்கு விற்றது என்ற கணக்கை வைத்தே அவர்கள் ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். 1973இல் மூத்தோன் ரோத்சில்ட் தோட்டம் முதல் நிலைக்கு உயர்ந்தது தவிர, அந்தப் பட்டியல் பெரும்பாலும் அப்படியே நீடிக்கிறது. பட்டியலில் இடம்பெற்றதால் விலை ஏறியது. ஏறிய விலை பட்டியலுக்குச் சான்றானது. இந்தச் சுழல் முதன்முறையாகப் பலர் அறியக் குலைந்தது 1976 மே 24 அன்று. பாரிஸில் கடை வைத்திருந்த ஆங்கிலேயரான ஸ்டீவன் ஸ்பரியர், பிரெஞ்சு வல்லுநர்களை அழைத்து, பெயரை மறைத்து, கலிஃபோர்னிய ஒயின்களையும் பிரான்ஸின் புகழ்பெற்ற ஒயின்களையும் சேர்த்துச் சுவைக்கக் கொடுத்தார். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப்பும் வெள்ளையில் ஷாத்தோ மொந்தலேனாவும் முதலிடம் பிடித்தன. இரண்டும் நாபா பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. போர்தோவின் மூத்தோனும் ஓ-பிரியோனும் அன்று பின்தங்கின.

ஒரு நாள் போட்டியை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது நியாயமான மறுப்பு. ஆனால் 2008இல் ராபின் கோல்ட்ஸ்டீனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, பெயரும் விலையும் தெரியாமல் சுவைத்தவர்கள் தந்த 6,000க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை அலசியது. பாட்டில் விலை ஒன்றரை டாலர் அளவிலிருந்து 150 டாலர் வரை இருந்தது. ஒயினில் பயிற்சி இல்லாதவர்கள் விலை கூடியதைச் சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் அந்தப் போக்கு தென்படவில்லை. விலை உயர்ந்ததை அவர்கள் கொஞ்சம் கூடுதலாக ரசித்ததற்கான அறிகுறியும் இருந்தது. ஆகவே விலை கூடிய ஒயினில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. அதில் இருப்பதை இனங்காண நாக்குக்குப் பழக்கம் வேண்டும். பழக்கம் வரும்முன் அதற்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. அதே 2008இல் ஹில்கே பிளாஸ்மனும் குழுவினரும் ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தபோது, அதிக விலை சொல்லப்பட்டதையே மக்கள் ரசித்தார்கள். இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயல்பாடும் கூடியது. ரசிப்பு உண்மையானதுதானே, பிறகென்ன என்று கேட்கலாம். அந்த ரசிப்பைத் தந்தது சொல்லப்பட்ட விலை. விலை சொல்லாமல் ஊற்றப்படும் விருந்தினருக்கு அது போய்ச் சேராது.

விலைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் அடிமட்டத்தை ஏன் தாண்ட வேண்டும் என்பதும் விளங்கும். பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்டில் வந்த விகிதப்படி சாதாரண ஒயின் பாட்டில் ஒன்றுக்குத் தீர்வை 2.67 பவுண்டாக இருந்தது, அதற்கு மேல் மொத்தத்தில் 20 சதவீத வாட் வரி. அந்த விகிதப்படி ஐந்து பவுண்டு பாட்டிலில் இரண்டும் போக மிஞ்சுவது ஒன்றரை பவுண்டு. கண்ணாடி, மூடி, லேபிள், கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். திராட்சைக்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. பத்து பவுண்டு பாட்டிலில் மிஞ்சுவது 5.66 பவுண்டு. விலை இரட்டிப்பாகும்போது ஒயினுக்கான இடம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. இந்த ஒரு படி ஏறுவது நிச்சயம் பயன் தரும். அதற்கு மேல் கதை மாறுகிறது. ஒயினை முதிரவைக்கும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்றின் விலை ஆயிரம் யூரோவை ஒட்டி வரும்; 225 லிட்டர் கொள்ளும், அதாவது 300 பாட்டில். பீப்பாயின் செலவு பாட்டிலுக்கு மூன்று யூரோ சொச்சம்தான். நூறு யூரோ பாட்டிலை விளக்க அது போதாது. நிலம் விளக்கும்: ஷாம்பெயின் வட்டாரத்தில் ஒரு ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் பத்து லட்சம் யூரோ அளவில் விற்கிறது, தெற்கே லாங்க்டாக்கில் பல இடங்களில் இருபதாயிரத்துக்கும் கீழே.

ஆகவே பெயர் பெற்ற ஊருக்குப் பக்கத்து ஊரைத் தேடுவதே நல்ல வழி. பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிடும் ஷாம்பெயின் முறையில், பிரான்ஸின் வேறு வட்டாரங்களில் தயாராவது கிரேமான். குறைந்தது ஒன்பது மாதம் ஈஸ்ட் வண்டலோடு இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. விலையோ ஷாம்பெயினில் பாதிக்கும் கீழே கிடைக்கும். மீனுக்கும் இறாலுக்கும் ஒயின் வேண்டுமென்றால் லுவார் நதி கடலில் கலக்கும் பகுதியின் மஸ்கடே எலுமிச்சைப் புளிப்போடு தெளிவாக இருக்கும். முதல் சிவப்பு ஒயினுக்கு, பாக்கு மென்றதுபோல் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு குறைந்த பொஜொலே பொருத்தம். லேபிளில் உள்ள பெருமைச் சொற்களில் சட்டம் காவல் காப்பது எது என்று பார்க்க வேண்டும். பிரெஞ்சு பாட்டிலில் ‘பழைய கொடி’ என்ற பொருளில் அச்சிட்டிருப்பதற்கு வயது வரம்பே கிடையாது. ஸ்பெயினின் ரியோகா சிவப்பு ஒயினில் ‘ரிசர்வா’ என்றிருந்தால், மூன்று ஆண்டு முதிர்ந்தது, அதில் குறைந்தது ஓராண்டு ஓக் பீப்பாயில் இருந்தது என்பது கட்டாயம். நடுத்தர விலையில் முதிர்ந்த ஒயினின் ருசி அறிய இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. திருகு மூடியைப் பார்த்து மலிவு என்று ஒதுக்கவும் வேண்டாம். ஈர அட்டை வாடை அடிக்கும் கார்க் கெடுதலைத் தவிர்க்கவே ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்குத் தயாரிப்பாளர்கள் 2000இல் ஒன்றுசேர்ந்து அதற்கு மாறினார்கள்.

வாங்கி வந்த பிறகு செய்யும் வேலையில்தான் செலவில்லாத ஆதாயம் இருக்கிறது. சூடு கூடினால் சாராய நெடி முன்னே வந்து பழவாசனையை மறைக்கும். குளிர் மிஞ்சினால் வாசனை ஒடுங்கி, துவர்ப்பும் கசப்பும் தலைதூக்கும். சிவப்பு ஒயினை அறையின் சூட்டிலேயே ஊற்று என்ற அறிவுரை, ஐரோப்பிய வீடுகள் 17, 18 டிகிரியில் இருந்த காலத்தில் பிறந்தது. சென்னையில் 32 டிகிரி அறையில் அதைப் பின்பற்றினால் நல்ல ஒயினும் கெட்டதாகத் தோன்றும். ஊற்றும் முன் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்வித்தால் சரியாகிவிடும். வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12 டிகிரி; நான்கு டிகிரி ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் வெளியே வைத்தால் வாசனை திறக்கும். வாய் குறுகிய மெல்லிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல் சுழற்றினால் வாசனை உள்ளேயே தங்கும். முன்கூட்டியே கார்க்கை மட்டும் எடுத்து வைப்பதால் பயனில்லை. பாட்டில் கழுத்தின் சிறு வட்டத்தில் காற்று எவ்வளவுதான் படும்? வண்டல் உள்ள பழைய ஒயினைத் தவிர வேறெதையும் ஜாடிக்கு மாற்றத் தேவையில்லை என்பதே போர்தோ பேராசிரியர் எமில் பெய்னோவின் நிலைப்பாடு.

மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு சொல்லியிருக்கிறது. 750 மில்லி பாட்டில் ஐந்து கிளாஸ் வரும். திறந்ததை அன்றே முடித்தாக வேண்டும் என்று யாரும் கருத வேண்டாம். சிவப்பானாலும் வெள்ளையானாலும் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்குப் பிறகு புளித்துப்போனால் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.