பையனை வித்துடலாமா... வெச்சுக்கலாமா?

குவார்ட்டர்பேக்!

முதல் பாதியைக் கேட்டதுமே கண்ணு மின்னுதா? அடங்குங்க பாஸ், இது டாஸ்மாக் மேட்டர் இல்லை. அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு டீமோட மூளைக்குத்தான் இந்தப் பேர். களத்தில் 11 பேர் நின்னாலும், பந்து இவர் கைக்கு வந்த பிறகுதான் ஆட்டமே சூடு பிடிக்கும். யாருக்கு எறியறது, யார்கிட்ட கொடுத்து ஓடவிடறது... எல்லாத்தையும் ரெண்டு மூணு செகண்டில் முடிவு பண்ணணும். அதுக்குள்ள நூறு கிலோவுக்கு மேல வெயிட் உள்ள நாலு பேர் இவரைச் சாய்க்க ஓடி வருவாங்க!

இப்படி ஒரு ஆள் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. இருந்தும் சில டீம்கள், 25 வயசுகூடத் தாண்டாத குவார்ட்டர்பேக்கைக் கொடுத்துட்டு, பதிலுக்கு 'பிக்' வாங்கிக்கிறாங்க. அதென்ன பிக்?

என்.எஃப்.எல். லீகில் 32 டீம். காலேஜில் ஆடி முடிச்ச பசங்களை வருஷா வருஷம் 'டிராஃப்ட்' வெச்சு எடுத்துக்குவாங்க. ஐ.பி.எல். ஏலம் மாதிரி இங்கே பணம் பேசாது. போன சீஸனில் கடைசியில் வந்த டீமுக்குத்தான் முதல் சான்ஸ். மொத்தம் 7 ரவுண்ட். அந்த ஒவ்வொரு சான்ஸும் ஒரு பிக். அடுத்த வருஷத்து பிக், அதுக்கும் அடுத்த வருஷத்து பிக்னு முன்கூட்டியே கைமாத்தவும் செய்யலாம்.

ஆக, கேள்வி இதுதான். கையில் நல்லா ஆடற பையன் இருக்கான். ஆனா, கப் இன்னும் வரலை. இன்னொரு டீம் மூணு பிக்கை நீட்டுது. கொடுக்கலாமா?

கோபத்தில் ஒரு கைமாத்து

டென்வர் பிராங்கோஸ் டீம் 2009-ல் கொடுத்தது. பையன் பேர் ஜே கட்லர். 2008 சீஸனில் 4,526 கெஜம் பந்தை எறிஞ்சு, டீமோட அதுவரைக்குமான ரெக்கார்டையே உடைச்சவர். அடுத்து வந்த புது கோச் ஜாஷ் மெக்டேனியல்ஸுக்கு வயசு 32. அவர் வேற ஒரு குவார்ட்டர்பேக்கைக் கொண்டுவரப் பார்க்கிறார்னு சேதி கசிய, கட்லருக்குச் சுருக்குனு தைச்சுது. ரெண்டு பக்கமும் முறுக்கிக்கிட்டதில், ஏப்ரலில் கட்லரை சிகாகோ பேர்ஸுக்கு அனுப்பிட்டாங்க. பதிலுக்கு வந்தது ரெண்டு முதல் ரவுண்ட் பிக், ஒரு மூணாவது ரவுண்ட் பிக், கூடவே கைல் ஆர்ட்டன்ங்கிற குவார்ட்டர்பேக்.

பேப்பரில் பார்த்தா செம லாபம். புது சீஸனில் முதல் ஆறு மேட்சும் ஜெயிச்சப்போ டென்வரே கொண்டாடுச்சு. ஆனா, முடிவில் 8 வெற்றி, 8 தோல்வி. அடுத்த சீஸனில் வெறும் 4 வெற்றி. 2010 டிசம்பரில் கோச் வேலையே காலி! அதே சீஸனில் கட்லரோட சிகாகோ, சூப்பர் பௌலுக்கு ஒரே ஒரு படி கீழே வரைக்கும் போய் நின்னுச்சு.

'அப்புறம் டென்வர் கப் ஜெயிச்சதே?'ன்னு விவரம் தெரிஞ்சவங்க கேப்பீங்க. ஜெயிச்சது உண்மை, 2016 பிப்ரவரியில். ஆனா, அந்த டீமுக்குத் தலைமை தாங்கிய பெய்டன் மேனிங், 2012-ல் பிக் எதுவும் செலவில்லாம வந்தவர். பழைய டீம் அவரைக் கழற்றிவிட்டதால் கிடைச்ச அதிர்ஷ்டம் அது.

மூட்டை கட்டியும் காலி

'ரெண்டு மூணு பிக் போதாதுப்பா, நிறைய இருந்தா கதையே வேற'ங்கிறீங்களா? செயின்ட் லூயிஸ் ராம்ஸைப் பாருங்க. 2012-ல் அவங்க கையில் ரெண்டாவது பிக் இருந்துச்சு. ராபர்ட் கிரிஃபின்ங்கிற காலேஜ் ஸ்டாரை எடுக்க அந்த இடம் வேணும்னு, வாஷிங்டன் டீம் மூணு முதல் ரவுண்ட் பிக், ஒரு ரெண்டாவது ரவுண்ட் பிக்னு கொட்டிக் கொடுத்துச்சு. கிரிஃபின் முதல் வருஷம் பட்டையைக் கிளப்பினார். 2013 ஜனவரியில் முழங்கால் போச்சு. பழைய வேகம் திரும்பவே இல்லை.

2014 டிசம்பரில் ரெண்டு டீமும் மோதினப்போ ராம்ஸ் ஒரு குசும்பு பண்ணாங்க. அந்த பிக்குகளால் வந்த ஆறு பேரையே கேப்டன்களாக டாஸ் போட அனுப்பிட்டாங்க! மேட்ச்சும் 24-0.

ஆனா, கதை அதோட முடியலை. நம்பி வெச்சிருந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு அடுத்தடுத்து முழங்கால் காயம். அந்த மூணு சீஸனில் ஒண்ணில்கூட ராம்ஸ் தோல்வியைவிட அதிக வெற்றி பார்க்கலை. கடைசியில் 2016-ல், ஜாரெட் காஃப்ங்கிற குவார்ட்டர்பேக்கை எடுக்க, ரெண்டு முதல் ரவுண்ட், ரெண்டு ரெண்டாவது ரவுண்ட், ரெண்டு மூணாவது ரவுண்ட் பிக்கை டென்னஸிக்குத் தூக்கிக் கொடுத்தாங்க. மூட்டை கட்டி வாங்கினவங்களே மூட்டை கட்டிக் கொடுத்தாங்க!

அப்போ விக்கவே கூடாதா?

விக்கலாம். டல்லாஸ் கௌபாய்ஸ் 1989-ல் ட்ராய் எய்க்மேன், ஸ்டீவ் வால்ஷ்னு ரெண்டு இளம் குவார்ட்டர்பேக்கை எடுத்துச்சு. மறு வருஷமே வால்ஷை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்துட்டு பிக்குகளை வாங்கிக்கிச்சு. யாரும் பதறலை. ஏன்னா, பந்தை எறிய எய்க்மேன் இருந்தார். 1992 சீஸனில் ஆரம்பிச்சு நாலு சீஸனுக்குள் மூணு சூப்பர் பௌல்!

இதில் காலமும் முக்கியம். சிகாகோ 2023-ல் முதல் பிக்கை கரோலைனாவுக்குக் கொடுத்துட்டு, தன்னோட பையன் ஜஸ்டின் ஃபீல்ட்ஸை வெச்சுக்கிச்சு. பதிலுக்கு வாங்கினதில் ஒரு பிக், கரோலைனா கடைசி இடத்துக்குப் போனதால் 2024-ன் முதல் பிக்காகவே மாறுச்சு. கேலப் வில்லியம்ஸ் கிடைக்கப்போறது உறுதி. அப்போ ஃபீல்ட்ஸை வித்தப்ப கிடைச்சது? நிபந்தனையோட ஒரே ஒரு ஆறாவது ரவுண்ட் பிக்! அடுத்த ஆள் வரப்போறான்னு ஊருக்கே தெரிஞ்சா, இருக்கிற ஆளுக்கு விலை ஏது?

நாளைக்குக் கிடைக்கும் பலாக்காயைவிட இன்னிக்குக் கிடைக்கும் களாக்காய் மேல்னு நம்ம பெருசுங்க சொல்வாங்க. இங்கே அதை அப்படியே எடுத்துக்க முடியாது. வீட்டில் இன்னொரு களாக்காய் இருந்தா, தாராளமா பலாக்காய்க்குக் காத்திருக்கலாம். இல்லேன்னா, காத்திருக்கிற வருஷமெல்லாம் பட்டினிதான். அந்தப் பட்டினி ரசிகர்களுக்கு மட்டுமில்லை. டீமில் இருக்கிற மத்த 52 பேரோட இளமையும் அதில்தான் கரையுது. பல பேருக்கு இந்த ஆட்டத்தில் வாழ்க்கையே சில வருஷம்தான்.

அதனால், எத்தனை பிக் தர்றாங்கன்னு எண்றதுக்கு முன்னாடி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தை யார் எறியப்போறாங்கன்னு கேளுங்க. அதுக்கு ஒரு பேர் சொல்ல முடிஞ்சா, பையனை டாட்டா காட்டி அனுப்பலாம். முடியலேன்னா, கோபத்தைக் குறைச்சுக்கிட்டு அவனோட உட்கார்ந்து பேசுங்க பாஸ்!