மிட்வேயின் ஐந்து நிமிடம்

கண்டவர் கூற்றே சான்றுகளிற் சிறந்தது என்பர். அஃது எக்காலும் பொருந்துமென யான் கருதவில்லை. 1942 ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பைத் தாக்கிய விமானங்களுக்குத் தலைமை தாங்கிய மிட்சுவோ புச்சிடாவை நோக்குக. அவ்வாண்டு யூன் 4இல் மிட்வேப் போர் மூண்டபோது அவர் குடல்வால் அறுவைச் சிகிச்சை பெற்று, பறக்கவியலாதவராய், அகாகி என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தார். தாக்குதல் விமானங்கள் தளத்தில் அணிவகுத்து நின்றன. இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருப்பின் யாவும் புறப்பட்டிருக்கும். அதற்குள் அமெரிக்கர் குண்டு வீழ்ந்தது என, ஒக்குமியாவுடன் சேர்ந்து 1951இல் வெளியிட்ட நூலில் அவர் எழுதினார். ஊழின்மேற் பழியைச் சுமத்தும் கதை தோற்றார்க்கு இனிது. வென்றார்க்கும் சுவை குன்றாதது.

1971இல் வெளிவந்த யப்பானிய அரசின் போர்வரலாறு இதனோடு முரண்பட்டது. மேலைநாட்டாரோ, 2005இல் பார்ஷலும் டல்லியும் எழுதும்வரை பெரும்பாலும் பழங்கதையையே ஓதினர். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடங் காணும் நம்மவர்க்கு அவ்விருவர் முறை புதிதன்று. அன்று காலை காவல் விமானங்கள் கப்பல்களில் அடுத்தடுத்து இறங்கியும் எழுந்தும் வந்தமையைக் குறிப்பேடுகள் காட்டுகின்றன. தளம் நிறைய விமானங்கள் நின்றிருப்பின் வேறொன்று இறங்குவது எங்ஙனம்? மேலும், கீழ்த்தட்டிலிருந்து அவற்றை மேலேற்றி அணிவகுத்து இயக்க ஏறத்தாழ முக்கால் மணி நேரம் வேண்டும். அவை கீழ்த்தட்டிலேயே, எரிநெய்யும் குண்டுகளும் சூழ நின்றன. அகாகியும் காகாவும் சோரியுவும் உள்ளிருந்தே எரிந்தன.